கூச்சத்தை மறைக்கும் வேலையை நிறுத்துங்கள்: நாலு பேர் நடுவே இயல்பாக இருக்க ஒரு வழிகாட்டி

ஒரு கூட்டத்துக்குள் நுழைகிறீர்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை ஈரமாகிறது, வாய் உலர்கிறது. கை தானாகப் போனை எடுக்கிறது. வராத செய்தியைப் பார்ப்பதுபோல் திரையைத் தேய்த்துக்கொண்டு சுவரோரமாக நிற்கிறீர்கள். கால் மணி நேரம் போகிறது. யாரும் வந்து பேசவில்லை. ‘என்னிடம் யாருக்குத்தான் பேசத் தோன்றும்’ என்ற பழைய எண்ணம் இன்னொரு சுற்று இறுகுகிறது.

யாரும் வராததற்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் போன்தான். ஏதோ முக்கியமான வேலையாக இருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போயிருப்பார்கள். அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. பதற்றத்தைச் சமாளிக்க எடுத்த கருவியே பதற்றத்துக்குத் தீனி போட்டுவிட்டது. கூச்சம் ஆண்டுக்கணக்கில் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் படபடப்பைவிட, அதை மறைக்க நாம் செய்யும் வேலைகளே பெரிய காரணம். சரிசெய்யத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டன் உளவியலாளர்கள் 1995இல் இந்தச் சுழலைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். நாலு பேர் முன் நிற்கும்போது கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. உள்ளே உணரும் படபடப்பை வைத்தே ‘நான் இப்படித்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறேன்’ என்று ஒரு படத்தை மனம் வரைகிறது. அந்தப் படத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மறைப்பு வேலைகள் தொடங்குகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு, நடந்ததை மனம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அடுத்த முறைக்கான பயத்தை இப்போதே சேர்த்து வைக்கிறது.

மறைப்பு வேலைகளைப் பிடியுங்கள்

உளவியல் துறையில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். ஆளுக்கு ஆள் மாறும். பத்துப் பதினைந்துகூட இருக்கலாம். பழகிப்போனதால் கண்ணில் படுவதே இல்லை. ஒவ்வொன்றும் எப்படித் திருப்பி அடிக்கிறது என்று பார்த்தால்தான் விட மனம் வரும்.

கை நடுங்குவது தெரியக் கூடாதென்று தண்ணீர்க் குவளையை இறுக்கிப் பிடித்தால் தசை விறைத்து நடுக்கம் கூடும். வியர்வையை மறைக்க மேலே இன்னொரு சட்டை போட்டால் இன்னும் வியர்க்கும். சொல்லப்போகும் வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால், அது தயாராவதற்குள் பேச்சு இரண்டு விஷயம் தள்ளிப் போயிருக்கும்; அந்த நேரத்தில் உங்கள் முகம் எதிரே இருப்பவருக்கு அசிரத்தையாகத் தெரியும். தவறாகப் பேசிவிடுவோமோ என்று குரலைத் தணித்தால் அவர் முன்னால் சாய்ந்து “என்ன சொன்னீங்க?” என்பார். எந்தக் கவனத்துக்குப் பயந்தீர்களோ அதுவே இரண்டு மடங்காக வந்து சேரும். தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் தப்பிப்பவர்களும் உண்டு. பத்து நிமிடத்தில் எதிராளிக்கு விசாரணைக் கூண்டில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

இவற்றைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நல்லபடியாக முடிந்த சந்திப்பின் பெருமை முழுவதும் மறைப்பு வேலைக்குப் போய்விடுகிறது. ‘ஒத்திகை பார்த்ததால் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. ஆபத்தே இருக்கவில்லை என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கை நழுவுகிறது. பல வருடமாகக் கூட்டங்களுக்குப் போய்வந்தும் பயம் குறையாதவர்களுக்கு இதுதான் நடக்கிறது. போவது மட்டும் போதாது.

ஒரு வாரம் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பத்தி போதும்: எந்தச் சூழல், என்ன நடந்துவிடும் என்று பயந்தேன், அதைத் தடுக்க என்ன செய்தேன். அன்றன்றே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் மூன்றாவது பத்தி காலியாகிவிடும். ஒரு செயல் மறைப்பு வேலையா, சாதாரணப் பழக்கமா என்று சந்தேகம் வந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அடுத்த முறை இதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தாலே பகீரென்கிறதா? பகீரென்றால் அது மறைப்பு வேலைதான்.

கவனத்தை வெளியே திருப்புவது

‘பதற்றப்படாதே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் பயனில்லை. பதற்றம் குறைந்ததா என்று பார்க்கவே கவனம் மறுபடி உள்ளே போகும். கவனத்துக்கு வெளியே ஒரு வேலை கொடுப்பதுதான் நடைமுறையில் எடுபடுகிறது.

தினமும் பத்து நிமிடம் தனியாகப் பழகுங்கள். உட்கார்ந்த இடத்தில் கேட்கும் ஒலிகளில் ஒன்றை, மின்விசிறியின் இரைச்சலையோ தெருவில் போகும் வண்டியையோ, ஒரு நிமிடம் மட்டும் கேளுங்கள். பிறகு இன்னொரு ஒலிக்கு மாறுங்கள். கடைசி இரண்டு நிமிடம் எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கேளுங்கள். மனம் நழுவியதைக் கவனித்துத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பயிற்சி. இருபது முறை நழுவினால் இருபது முறை பயிற்சி நடந்திருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் கழித்து, நடைபாதையிலும் வண்டிக்கு நிற்கும் இடத்திலும் இதையே கண்ணால் செய்யுங்கள். அதன் பிறகு பேச்சுக்குக் கொண்டுபோங்கள். பேசி முடித்து வரும்போது அந்த மனிதரைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது, எந்த வார்த்தையை அடிக்கடி சொன்னார், எதைத் தொட்டதும் பேச்சை மாற்றினார். இதைத் தேடும் மனத்துக்குத் தன் உள்ளங்கையைச் சோதிக்க நேரம் இருக்காது.

உண்மையிலேயே நம்மை எவ்வளவு பேர் கவனிக்கிறார்கள்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் செய்து 2000இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. மாணவர் ஒருவருக்குக் கொஞ்சம் வெட்கப்படவைக்கும் டிசர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அதில் பாடகர் பாரி மேனிலோவின் முகம் பெரிதாக அச்சிட்டிருந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் மதிப்பிட்டார்கள். கவனித்தவர்கள் அதில் பாதிதான், நான்கில் ஒருவர் அளவுக்கு. நெஞ்சிலிருந்த பெரிய முகத்துக்கே அவ்வளவுதான் என்றால், உங்கள் காதோரம் ஏறிய சூடு எவ்வளவு பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதை உங்கள் விஷயத்தில் சோதிக்க ஒரு வழி உண்டு. கிளார்க்கின் சிகிச்சை முறையில் ஆரம்ப வாரங்களிலேயே செய்வது. நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் தனக்குத் தெரிந்த, உங்களுக்குப் பழக்கமில்லாத ஒருவரை அழைத்து வரட்டும். போனைத் தூரத்தில் நிறுத்தி வீடியோ ஓடவிட்டு அவருடன் ஐந்து நிமிடம் வழக்கம்போல் பேசுங்கள்: ஒத்திகை, தணிந்த குரல், எல்லா மறைப்பு வேலைகளுடனும். பிறகு இன்னொரு ஐந்து நிமிடம் அத்தனையையும் விட்டுவிட்டு, கவனம் முழுவதையும் அவர்மேல் வைத்துப் பேசுங்கள். வீடியோவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எவ்வளவு நடுங்கியிருப்பேன், எவ்வளவு சிவந்திருப்பேன், எத்தனை முறை தடுமாறியிருப்பேன், ஒவ்வொன்றுக்கும் 100க்கு மதிப்பெண். அதன் பிறகே பாருங்கள்.

இங்கே பலர் சறுக்குவது ஓரிடத்தில். பார்க்கும்போது அன்றைய உணர்வு திரும்பி வந்து, திரையில் இல்லாத நடுக்கத்தையும் இருப்பதாகக் காட்டும். அதனால் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல், கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டும் கணக்கில் எடுங்கள். பெரும்பாலோருக்கு எழுதி வைத்த மதிப்பெண் திரையில் இருப்பதைவிட மிக அதிகமாக இருக்கும். இரண்டாவது ஐந்து நிமிடம் முதலாவதைவிட நன்றாக இருப்பதும் தெரியும். பேச வந்தவரிடமும் எது இயல்பாக இருந்தது என்று கேட்டுவிடுங்கள்.

படிக்கட்டு

பயப்படும் சூழல்களை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கும் முறையை ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் 1950களில் பரவலாக்கினார். ஒவ்வொரு சூழலுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 0 முழு நிம்மதி, 100 தாங்க முடியாத பயம். எட்டிலிருந்து பன்னிரண்டு படி இருந்தால் போதும். ஒருவருடைய பட்டியல் இப்படி இருக்கலாம்:

தெரியாதவரிடம் மணி கேட்பது – 20
தொலைபேசியில், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே, ஒரு விவரம் விசாரிப்பது – 35
அலுவலகத்தில் அதிகம் பழகாதவரிடம் இரண்டு நிமிடம் பேசுவது – 45
வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது – 55
கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது – 65
ஒருவர் சொன்னதை நாலு பேர் முன் மறுத்துப் பேசுவது – 80
பத்து நிமிடம் மேடையில் பேசுவது – 95

30, 40 மதிப்பெண் உள்ள இடத்தில் தொடங்குங்கள். 20இல் கற்க எதுவும் இருக்காது. 95இல் தொடங்கினால் பாதியில் ஓடிவர நேரும்.

ஒவ்வொரு படியையும் ஒரு சோதனையாகச் செய்ய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது சோதனை ஆகாது. கூட்டத்தில் கேள்வி கேட்பதையே எடுத்துக்கொள்வோம். போவதற்கு முன் எழுதுவது: ‘கேள்வி கேட்டால் குரல் நடுங்கும். குறைந்தது இரண்டு பேராவது ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.’ இதை எவ்வளவு நம்புகிறீர்கள்? 80 சதவீதம் என்று வையுங்கள். எந்த மறைப்பு வேலையை விடப்போகிறீர்கள்? கேள்வியைத் தாளில் எழுதி வாசிக்கும் பழக்கத்தை. எதைப் பார்க்கப்போகிறீர்கள்? கேட்டு முடித்ததும் தலை நிமிர்ந்து அறையில் உள்ள முகங்களை. வந்தபின் எழுதுவது: ‘குரல் முதல் மூன்று சொல்லுக்கு நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சாளர் பதில் சொன்னார்.’ முன்பு எழுதியதன் மேலுள்ள நம்பிக்கை இப்போது 45 சதவீதம்.

முன்கணிப்பு கண்ணால் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘மோசமாகப் போகும்’ என்று எழுதினால் எது நடந்தாலும் மோசம் என்று மனம் தீர்ப்பளித்துவிடும். யார், என்ன செய்வார், எத்தனை பேர் என்று எழுதுங்கள். தலை நிமிராமல் உட்கார்ந்துவிட்டாலும் சோதனை வீண். யாரும் சிரிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மாதம் ஒரு முறை செய்து பயனில்லை. வாரத்துக்கு நான்கைந்து முறை, வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு இடங்களில் செய்ய வேண்டும். ஒரே ஆளிடம் பத்து முறை செய்தால் அந்த ஆளிடம் மட்டும்தான் பயம் போகும். அடுத்த படிக்குப் போகப் படபடப்பு முழுதாக அடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். முன்கணிப்பின் மேலுள்ள நம்பிக்கை பாதிக்குக் கீழே இறங்கினால் போதும். சில நாள் திடீரென்று பழையபடி ஆகும். தூக்கம் கெட்ட நாளாகவோ, உடம்பு சரியில்லாத நாளாகவோ இருக்கலாம். இரண்டு படி இறங்கி மறுபடி ஏறுங்கள், கற்றது அழிந்துவிடாது.

நடுப்படிகள் பழகியபின் வேண்டுமென்றே சின்னச் சின்னத் தவறு செய்து பாருங்கள். வாக்கியத்தின் நடுவே ஐந்து விநாடி நிறுத்துங்கள். ஒரு பெயரை மாற்றிச் சொல்லித் திருத்துங்கள். ‘தப்பு செய்யாததால் தப்பித்தேன்’ என்ற கணக்கை உடைக்க இதைவிட விரைவான வழி இல்லை.

பேச்சில் சேர்வதும் விலகுவதும்

மூன்று நான்கு பேர் நின்று பேசும் கூட்டத்தில் சேரப் பலருக்குத் தயக்கம். முதலில் அவர்கள் கால்களைப் பாருங்கள். இருவர் நேருக்கு நேர் நின்று நெருக்கமாகப் பேசினால் அது தனிப்பேச்சு, விட்டுவிடுங்கள். வட்டத்தில் ஓர் இடைவெளி இருந்து, ஒருவர் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடம் இருக்கிறது. அங்கே போய் நில்லுங்கள். யார் பேசுகிறாரோ அவரைப் பாருங்கள். ஒரு நிமிடம் வெறுமனே கேளுங்கள். பேச்சு ஓய்ந்ததும் அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக் கேளுங்கள்: “மாற்றல் வாங்கிட்டு வந்தேன்னு சொன்னீங்களே, எப்படி இருக்கு?” பெயர், ஊர் எல்லாம் அதன் பிறகு தானாக வரும். புத்திசாலித்தனமான முதல் வாக்கியம் தேடி நிற்பவர்தான் கடைசிவரை வாய் திறக்காமல் போகிறார்.

சொன்னதைப் பிடித்துத் தொடரும் கேள்விகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தொடர்ந்து கேட்பவர்களை எதிரே பேசியவர்கள் அதிகம் விரும்பினார்கள். ஆனால் இரண்டு கேள்விக்கு ஒரு முறையாவது உங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தி போக வேண்டும்: “நானும் போன வருஷம்தான் வீடு மாறினேன், பெட்டி பிரிக்கவே ஒரு மாசம் ஆச்சு.” சின்னதாக இருந்தாலும் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கும்.

கண்ணைப் பார்ப்பதற்கு மூன்று விநாடி போதும். பார்த்து, விலக்கி, மறுபடி பாருங்கள். பேச்சில் இடைவெளி விழுந்தால் அதை நிரப்ப வேண்டிய பொறுப்பு உங்களுக்கு மட்டும் இல்லை. நாலு விநாடி மௌனத்தில் அவரும் யோசித்துக்கொண்டிருப்பார். விலகும்போது சாக்கு வேண்டாம். “உங்களோட பேசினது சந்தோஷம், அந்தப் பக்கம் ஒருத்தரைப் பார்த்துட்டு வரேன்” என்றால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். விலகத் தெரிந்தவருக்குச் சேர்வதில் பயம் பாதி குறையும்.

முன்னும் பின்னும்

கூட்டத்துக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். பத்துப் பேர் இருக்கும் அறையில் பதினோராவது ஆளாக நுழைவது, நூறு பேர் முன் தாமதமாக நுழைவதைவிட எளிது. பின்னால் வருபவர்களுக்கு நீங்களே வரவேற்பவர்போல் ஆகிவிடுவீர்கள். காபி குடித்த உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். அது கொடுக்கும் படபடப்புக்கும் பயத்தின் படபடப்புக்கும் வித்தியாசம் தெரியாது, ஆகவே அன்று தவிர்ப்பது நல்லது. தைரியத்துக்கு மது வேண்டாம். மறைப்பு வேலைகளில் மிக மோசமானது அதுதான், அடிமைப்படுத்தவும் செய்யும்.

மூச்சுப் பயிற்சியைக் கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் செய்யலாம்: நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணத் தொடங்கினால் கவனம் மறுபடி உள்ளே போய்விடும். அப்போது அதுவும் மறைப்பு வேலைதான்.

வீடு திரும்பியபின் வரும் இரவுதான் கடினம். ‘ஏன் அப்படிச் சொன்னேன்’ என்று மனம் படம் ஓட்டும். ஐந்து நிமிடம் ஒதுக்கி நோட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: நான் சொன்னது, அவர் சொன்னது, அவர் செய்தது. அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை எழுதாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. நோட்டை மூடிய பிறகு மனம் மறுபடி தொடங்கினால், எழுதியாகிவிட்டது என்று கையில் வேறு வேலை எடுங்கள். 2018இல் எரிகா பூத்பி, கஸ் கூனி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இங்கே கைகொடுக்கும். முதன்முறை பேசிய இருவரில் ஒவ்வொருவரும், மற்றவருக்குத் தன்னைப் பிடித்திருந்ததைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கூச்சம் அதிகமுள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது.

மருத்துவரிடம் போவது

இந்தப் பயம் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பு, வேலை, உறவு ஏதாவது ஒன்றைத் தடுக்கிறது என்றால் இது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கும். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று விடப்பட்டு ஆண்டுகள் வீணாவது நெஞ்சைப் பிசையும் விஷயம். நன்றாகக் குணமாகக்கூடிய ஒன்று இது. சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முதல் தேர்வு. வாரம் ஒன்றாக ஏறக்குறைய 14, 15 அமர்வு நடக்கும். மேலே சொன்ன சோதனைகளைத்தான் அங்கே துணையுடன் செய்வீர்கள்.

மருந்து என்றால் பொதுவாக எஸ்எஸ்ஆர்ஐ வகை, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருவது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் இரண்டு வாரம் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம் என்பது தெரியாமல் பலர் அப்போதே விட்டுவிடுகிறார்கள். எடுப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவர் சொல்படி செய்யுங்கள். மேடைப் பேச்சுக்கு முன் படபடப்பைத் தணிக்கப் போடும் புரோப்ரனலால் மாத்திரையை நண்பரிடம் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் பென்சோடயசிபைன் வகை நாள்பட எடுத்தால் பழக்கமாகும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாள்கூடத் தள்ளாமல் நம்பிக்கையானவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவர் முன்னால் பேசவே நா எழாது என்பதால் போகாமல் இருப்பவர்கள் நிறைய. அந்த ஒரு வார நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதி வையுங்கள்: எப்போது தொடங்கியது, எந்தச் சூழல்களைத் தவிர்க்கிறேன், அதனால் எதை இழந்தேன், இப்போது என்ன மருந்து எடுக்கிறேன். உள்ளே போனதும் வாய் உலர்ந்துவிட்டால் நோட்டை அப்படியே மேஜைமேல் நீட்டிவிடலாம். அவர் வாசித்துவிட்டுக் கேட்கத் தொடங்குவார்.